குதிகாலைப் பிடித்துப் பார்த்தவர்

மாமா யாரைப் பார்த்தாலும் முகத்தைப் பார்த்து நலம் விசாரிக்க மாட்டார். முதலில் கண் காலுக்குப் போகும். உட்கார்ந்திருப்பவர் என்றால் பக்கத்தில் குந்திக்கொண்டு, பேச்சு வாக்கில் கையை நீட்டி, குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி ஓடும் நரம்பைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து மேலும் கீழும் தடவிப் பார்ப்பார். பஸ்ஸில், சந்தையில், கல்யாண வீட்டில், சாவு வீட்டில், எங்கேயும் இதேதான். "ஒண்ணும் இல்ல, போ" என்பார். இல்லையென்றால் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு முறை தடவுவார். அந்த இரண்டாவது தடவலுக்குத்தான் எங்கள் சொந்தக்காரர்கள் பயந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் சின்னவர்கள் காலைத் தொடக் கூடாது. தொட்டால் சின்னவர்களுக்கு ஆயுசு குறையும் என்பார்கள். தவறிக் கால் பட்டால்கூட உடனே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது சின்னவர்கள்தான். அப்படிப்பட்ட ஊரில் நாற்பது வயது ஆண்பிள்ளை ஒருவர் மூன்று வயதுக் குழந்தையின் காலைப் பிடித்தால் சும்மா விடுவார்களா? குடிபாலா பக்கம் ஒரு சீமந்தத்தில், ஒரு பெண் தன் பிள்ளையை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, "எம்புள்ள ஆயுச எடுக்க வந்தியா நீ?" என்று கத்தியே விட்டாள். மாமா கோபப்படவில்லை. "நரம்பு நல்லாக் கீதும்மா, நூறு வயசு இருக்கும்" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தார். பந்தியில் உட்காராமலே வீட்டுக்குத் திரும்பினோம்.

உறவைச் சொல்லிவிடுகிறேன். அவர் என் அம்மாவின் தம்பி. என் அக்காவின் புருஷனும் அவர்தான். தாய்மாமனுக்குப் பெண் கொடுப்பது எங்கள் வீடுகளில் புதிதில்லை. கொடுக்காமல் இருந்தால்தான் கேள்வி வரும். அக்காவுக்குப் பதினாறு வயதில் கல்யாணம் நடந்தது. இரண்டு பெண் குழந்தைகள், பெரியவள், சின்னவள். சித்தூரில் ஐ.டி.ஐ. படிக்கும்போது நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். சின்னவள் பிறந்தபோதே "உனக்குத்தாண்டா பொறந்திருக்கா" என்று அம்மா என்னிடம் சொல்லிவிட்டாள். அப்போது எனக்குப் பத்து வயது. அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கக்கூடத் தெரியாது.

மாமாவுக்கு வேலை பால் சென்டரில். தனியார் கம்பெனிகள் சித்தூர் ஜில்லாவில் ஊருக்கு ஊர் பால் எடுக்க வந்த புதிது. காலையிலும் சாயந்திரமும் ஜனங்கள் தூக்கோடும் கேனோடும் வரிசையில் நிற்பார்கள். மாமா ஆளுக்கு ஒரு சாம்பிள் எடுத்து, கண்ணாடிக் குழாயில் ஆசிட்டோடு சேர்த்து மெஷினில் வைத்துச் சுற்றுவார். சுற்றி எடுத்தால் கொழுப்பு தனியாகப் பிரிந்து மேலே மஞ்சள் பட்டையாக நிற்கும். அந்தப் பட்டையின் உயரம்தான் 'ஃபேட்டு'. ஜனங்கள் மெஷினை நம்பினார்களோ இல்லையோ, மாமாவின் கண்ணை நம்பினார்கள். விரலை நனைத்துக் கட்டைவிரலால் உரசிப் பார்த்து அவர் ஒரு நம்பர் சொல்வார், மெஷினும் அதையே சொல்லும். அந்த வித்தையில் அவருக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. "கொழுப்புன்னா எனக்குத் தெரியாமையா?" என்பார்.

அந்தக் கர்வம்தான் அவரைக் கவிழ்த்தது.

பெரியவளுக்கு முழங்கை, முழங்கால், விரல் இடுக்கு, குதிகால் எல்லா இடத்திலும் மஞ்சளாகத் திட்டுத் திட்டாக இருக்கும். தொட்டால் கெட்டியாக, புளியங்கொட்டை அளவில். வலி கிடையாது. அவளுக்கு ஐந்து வயதில் குடும்பத்தோடு திருமலைக்கு நடந்து ஏறினோம். முழங்கால் முறிச்சான் படிகளை வேண்டுதல்காரர்கள் முழங்காலாலேயே ஏறுவார்கள். அம்மாவோடு சேர்ந்து பெரியவளும் பத்துப் படி அப்படியே ஏறினாள். அதற்குப் பிறகுதான் முழங்காலில் முடிச்சு வந்தது என்று அம்மா அடித்துச் சொன்னாள். ஊர் முழுக்க அதைப் பெருமையாகவும் சொன்னாள். "எங்க நைனாவுக்கும் இப்டிதான் இருந்திச்சி. எங்க அண்ணனுக்கும் கையில காலுல இருந்திச்சி. மலையேறி மலையேறி வந்தது. பெருமாள் எங்க வூட்டு ஆளுங்க மேல அடையாளம் வச்சிருக்காரு."

அந்த நைனா, அம்மாவின் அப்பா, முப்பத்தெட்டு வயதில் ஏர் ஓட்டிக்கொண்டிருக்கும்போது மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர். அந்த அண்ணன் முப்பத்தாறில் போனவர். அடையாளம் வைத்தவனே சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்கிறான் என்று அதற்கும் சமாதானம் இருந்தது. யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை, ஐ.டி.ஐ. படித்து என்ன பிரயோஜனம்?

பெரியவள் ஒன்பது வயதில், ஓடினால் நெஞ்சு வலிக்கிறது என்றாள். திருப்பதியில் தோல் டாக்டர் ஒருவரிடம் முடிச்சுகளைக் காட்டப் போனபோது, அவர் வலியைப் பற்றியும் கேட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட்டில் கொலஸ்ட்ரால் இருக்க வேண்டியதைப் போல நான்கு மடங்கு இருந்தது. மாமா நம்பவில்லை. லேபுக்கே திரும்பிப் போய், "அந்தக் குழாயைக் காட்டு" என்றார். அங்கிருந்த பெண் முகம் சுளித்துக்கொண்டே எடுத்துக் காட்டினாள். சிவப்பு கீழே இறங்கியிருந்தது. மேலே நின்ற நீர் தெளிவாக, இளமஞ்சளாக, கண்ணாடி மாதிரி இருந்தது.

மாமா அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல எங்கம்மா ஃபேட்டு? நான் ஒரு நாளிக்கி நூறு சாம்பிள் பாக்கறேன். இம்மாம் கொழுப்பு இருந்தா மேல ஆடையா நிக்கணும். வெள்ளையாவாவது இருக்கணும். யாரோட ரத்தத்தையோ மாத்திப்புட்டீங்க" என்றார். அந்தப் பெண் தெலுங்கில் என்னவோ விளக்கினாள். அவர் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து அக்காவிடம், "நம்ம வூட்டுல நெய்யக் கண்ணால பாத்து மூணு வருஷம் ஆவுது. களி துன்னுற புள்ளைக்குக் கொழுப்பாம்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். ரிப்போர்ட் பரணுக்குப் போயிற்று.

பத்து மாதம் கழித்து, ஒரு காலையில் ஸ்கூல் பஸ்ஸைப் பிடிக்க ஓடியவள் ரோட்டோரத்தில் உட்கார்ந்தாள், அப்படியே சாய்ந்தாள். பால் சென்டர் வரிசையில் நின்றவர்கள்தான் ஓடிப் போய்த் தூக்கினார்கள். சித்தூர் ஆஸ்பத்திரி வாசலுக்குள் போகும்போதே உயிர் இல்லை.

இதை எழுதும்போது எனக்கு இப்போதும் அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்து தொலைக்கிறது.

காரியம் முடிந்த மறு வாரம் மாமா பரணில் ஏறி அந்தக் காகிதத்தை எடுத்தார். என்னையும் கூட்டிக்கொண்டு திருப்பதிக்குப் போனார். இந்த முறை இதய டாக்டர். நடுத்தர வயதுப் பெண்மணி, தமிழும் தெலுங்கும் கலந்து பேசினார். ரிப்போர்ட்டைப் பார்த்தார், பிறகு மாமாவின் கையைப் பிடித்து விரல் கணுக்களைப் பார்த்தார், செருப்பைக் கழற்றச் சொல்லிக் குதிகாலைப் பார்த்தார். "புள்ளையோட அம்மா உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். "எங்க அக்கா பொண்ணு" என்றார் மாமா.

பிறகு டாக்டர் சொன்னதை நான் வார்த்தைக்கு வார்த்தை சொல்ல முடியாது, ஆனால் சாரம் மனதில் நிற்கிறது. கொலஸ்ட்ரால் என்பது சாப்பாட்டில் மட்டும் வருவதில்லை, ஈரலே அதைச் செய்கிறது. செய்வதற்கென்று ஒரு என்சைம் இருக்கிறது, ஒரு வேலையாள் மாதிரி. ரத்தத்தில் ஓடுவதை ஈரல் கதவு திறந்து உள்ளே எடுத்துக்கொள்ளும். உள்ளே போதுமானது வந்துவிட்டால் வேலையாள் கையை நிறுத்திக்கொள்வான். இந்தக் குடும்பத்தில் பலருக்குப் பிறவியிலேயே அந்தக் கதவுகள் பாதி இல்லை. வெளியே ரத்தத்தில் வழிந்தாலும் உள்ளே வரவில்லை என்று எண்ணி அவன் செய்துகொண்டே இருக்கிறான். மாமாவுக்குப் பாதி, அக்காவுக்கும் பாதி இருந்திருக்கும். இரண்டு பேரிடமிருந்தும் இல்லாத பாதியே பெரியவளுக்கு வந்திருக்கிறது. அவளுக்குக் கதவே இல்லை.

மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். "அப்ப ஏம்மா ரத்தத் தண்ணி தெளிவா இருந்திச்சி?" என்றார்.

"பால்ல கொழுப்பு உருண்டையா மிதக்குது, அதனால வெள்ளையாத் தெரியுது. இது ரொம்பப் பொடி. புரதத்துக்குள்ள பொதிஞ்சு தண்ணியோட தண்ணியா ஓடும். கண்ணுக்குத் தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாதா?" என்று மாமா திரும்பக் கேட்டார். "அன்னைக்கே உங்ககிட்ட வந்திருந்தா புள்ள பொழச்சிருக்குமா?"

டாக்டர் நேர்மையானவர். மாத்திரை அந்த வேலையாளின் கையைப் பிடித்து நிறுத்தும். அவன் நின்றால் ஈரல் இருக்கிற கதவுகளோடு இன்னும் சில கதவுகளைத் திறந்து ரத்தத்தில் உள்ளதை எடுக்கும். கதவே இல்லாத குழந்தைக்கு அந்த மாத்திரையால் பெரிய பலன் இருந்திருக்காது என்றார். "இன்னும் கொஞ்ச நாள் வேணா இருந்திருக்கலாம்" என்று கடைசியில் சேர்த்தார். மாமா காதில் அந்தக் கடைசி வாக்கியம் மட்டும்தான் விழுந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில், "கொஞ்ச நாளுன்னா எம்மாம் நாளுடா?" என்று என்னிடம் மூன்று முறை கேட்டார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

சொந்தக்காரர்கள் எல்லோரையும் பரிசோதிக்கச் சொல்லி டாக்டர் அனுப்பியிருந்தார். குதிகால் நரம்பு தடித்திருந்தால் சந்தேகப்படலாம் என்று மாமாவின் காலிலேயே காட்டிக் கொடுத்தார். பாலை விரலால் உரசிப் பார்த்த விரல்கள் அதை உடனே கற்றுக்கொண்டன. அன்றிலிருந்து தொடங்கியதுதான் மேலே சொன்னது. முதல் கால் என்னுடையது. திருப்பதி பஸ் ஸ்டாண்டில் பெஞ்சில் உட்கார வைத்து என் காலைத் தன் மடியில் இழுத்து வைத்துப் பார்த்தார். "இப்பத்திக்கி ஒண்ணும் இல்ல" என்றார். எனக்குப் பதினெட்டு வயது, போகிறவர் வருகிறவர் பார்க்கிறார்கள் என்று வெட்கமாக இருந்தது.

அவர் போகாத சொந்தக்காரர் வீடு இல்லை. நகரி, புத்தூர், சத்தியவேடு, தடா வரைக்கும் போனார். காலை சென்டரை முடித்துவிட்டுப் பதினோரு மணி பஸ் ஏறுவார், சாயந்திரக் கறவைக்குத் திரும்பிவிடுவார். பெண்கள் அவரைக் கண்டதும் புடவைக்குள் காலை இழுத்துக்கொள்வார்கள். ஆண்கள் கிண்டல் செய்வார்கள். "இன்னா மாமா, செருப்புக் கடை வைக்கப் போறியா? அளவு எடுக்கற?" அவரும் சிரிப்பார், ஆனால் காலை விட மாட்டார். "உள்ள ஒருத்தன் கீறான்டா. கெட்டவன் இல்ல. அவன் இல்லன்னா நீயும் இல்ல, நானும் இல்ல. போதும்னு அவனுக்கு ஆரும் சொல்லல, அதான். நம்ம சொல்லணும். ஒரு மாத்திரை. ராத்திரி துன்னுட்டுப் போட்டுக்கோ, எல்லாரும் தூங்கறப்பதான் அவன் ஜாஸ்தி வேலை செய்வான்." இதையே தமிழில் சொல்வார், தெலுங்கில் சொல்வார். நகரியில் லாரி ஓட்டும் பங்காளி ஒருவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ரத்தம் எடுக்க வைத்தார். அவனுக்கு அப்போது முப்பத்தொன்று. இன்றைக்கும் லாரி ஓட்டுகிறான்.

சின்னவளுக்கும் இருந்தது. அவளைப் பெற்ற என் அக்காவைப் போல, பாதி. அவள் வயதுக்கு வந்த பிறகு டாக்டர் சொல்லி மாத்திரை தொடங்கினார்கள். மாமாவும் அக்காவும் அவளும் சாப்பிட்டு எழுந்ததும் மூன்று பேரும் வரிசையாக மாத்திரை போட்டுக்கொள்வார்கள். அம்மா மட்டும் இதெல்லாம் பித்து என்றாள். மகள் போன துக்கத்தில் தம்பிக்கு மூளை கலங்கிவிட்டது, கல்யாணம் காட்சி என்று நடந்தால் சரியாகிவிடும் என்றாள்.

கல்யாணம் என்றால் எனக்கும் சின்னவளுக்கும்.

நான் அதற்குள் பெங்களூர் போய்விட்டேன். எங்கள் செட்டில் யாரும் ஊரில் தங்கவில்லை. மோட்டார் உதிரி பாகம் செய்கிற கம்பெனிகள் வரிசையாக ஆள் எடுத்த காலம். நான் சேர்ந்த மூன்றாவது கம்பெனியில் மெடிக்கல் செக்கப் வைத்தார்கள். ரிப்போர்ட் வந்தது. கம்பெனி டாக்டர் நம்பரைச் சுற்றி வட்டம் போட்டு, வீட்டில் யாராவது சின்ன வயதில் இறந்திருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் வாங்கவில்லை. ரிப்போர்ட்டை நான்காக மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தேன்.

மாமா எத்தனையோ வருஷமாகப் பிடிவாதமாக இருந்தார். "அவன் ரத்தம் பாக்காம எம்பொண்ணக் குடுக்க மாட்டேன். அவனுக்கும் இருந்திச்சின்னா, நாலு புள்ளையில ஒண்ணு பெரியவ மாதிரிப் பொறக்கும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க." அம்மா அழுவாள், சண்டை போடுவாள், பட்டினி கிடப்பாள். கடைசியில் எனக்கு இருபத்தொன்பது வயதில் மாமாவே போன் செய்தார்.

"தம்பி, ரத்தம் பாத்தியா?"

"பாத்தேன் மாமா."

"உன் கண்ணால நம்பரப் பாத்தியா?"

"பாத்தேன். நார்மல்."

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "அப்ப சரி. நீ சொன்னாப் போதும்" என்றார். ஒரு குழாய் ரத்தத்தை லேபில் கேட்டு வாங்கிப் பார்த்த மனுஷன், என்னிடம் காகிதம் கேட்கவில்லை.

ஏன் பொய் சொன்னேன்? சின்னவளை எனக்குப் பிடித்திருந்தது என்று சொல்லலாம், அது நிஜம்தான். அம்மா பட்டினி கிடந்தாள் என்று சொல்லலாம், அதுவும் நிஜம். ஆனால் அதெல்லாம் ஓரம். எனக்குப் பயம். அந்த நம்பரை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் தாத்தா, பெரிய மாமா, பெரியவள் என்று போன வரிசையில் நானும் நிற்பேன் என்று பயம். சொல்லாத வரைக்கும் அது வெறும் காகிதம்.

கல்யாணம் திருமலையில் ஒரு மடத்து ஹாலில், காலை முகூர்த்தம். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பெண்ணின் அப்பா மாப்பிள்ளையின் காலைக் கழுவிப் பாதபூஜை செய்ய வேண்டும். பெரியவர் சின்னவர் காலைத் தொடலாம் என்று ஊர் ஒப்புக்கொள்கிற ஒரே இடம் அதுதான். எனக்கு அதெல்லாம் முன்கூட்டி உறைக்கவில்லை. பித்தளைத் தாம்பாளத்தில் காலை வைத்தேன். அக்கா சொம்பிலிருந்து பாலும் தண்ணீரும் ஊற்றினாள். "காள்ளு கடகண்டி" என்று தெலுங்கில் காலைக் கழுவச் சொன்னார் ஐயர். மாமா இடது காலைக் கழுவினார். சிரித்த முகமாகத்தான் இருந்தார். புது வேட்டி, நெற்றியில் நாமம். வலது காலை எடுத்தார். விரல்கள் பழக்கத்தில் தானாக மேலே போயின. நின்றன. இன்னொரு முறை தடவின.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "நம்பரப் பாத்தேன்னியே தம்பி?" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

என் காலை மெதுவாகத் தாம்பாளத்தில் வைத்துவிட்டு எழுந்தார். துண்டில் கையைத் துடைத்தார். "இந்தக் கல்யாணம் வேணாம். பொண்ண எழுப்பி இஸ்துக்கினு வாங்க" என்றார்.

 ஹாலில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். "இன்னாடா, பித்து புடிச்சிக்கிச்சா? எம்புள்ள இன்னா கொறைஞ்சிட்டான்? சின்னப் பையன் கால கழுவ உனக்கு மானம் போவுதா?"

மாமா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கிற அவகாசம் கொடுத்துத்தான் பார்த்தார், இப்போது புரிகிறது. நான் திறக்கவில்லை. அவர் அம்மா பக்கம் திரும்பினார்.

"ஆமாக்கா. போவுது" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். ஊரில் அத்தனை பேர் காலையும் குனிந்து பிடித்தவர், கௌரவம் பார்த்து மாப்பிள்ளை காலைக் கழுவாமல் எழுந்தவர் என்று ஒரே நாளில் பெயர் வாங்கினார். பெரியப்பா ஒருவர் அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். மாமா கையைக்கூட எடுத்துவிடவில்லை. சின்னவள் மாலையைக் கழற்றி மணையில் வைத்துவிட்டு அப்பாவின் பின்னால் போனாள். என்னை ஒரு முறை பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை என்பதுதான் எனக்கு அன்றைக்குப் புரியாத விஷயம்.

அம்மா அன்றோடு தம்பி உறவை அறுத்துக்கொண்டாள். பேரைக்கூடச் சொல்லாமல் 'அந்த ஆளு' என்பாள். சொந்த மகள் வீட்டுக்கும் போகவில்லை. நான் பெங்களூருக்குத் திரும்பி, மறுநாளே மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கினேன். அடுத்த வருஷம் கோலார் பக்கத்துப் பெண்ணைக் கட்டினேன். தூரத்துச் சொந்தம்கூட இல்லை. கல்யாணத்துக்கு முன்பே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளிடம் சொல்ல முடிந்தது. அம்மாவிடம் ஒரு வாக்கியம் சொல்ல முடியவில்லை.

சின்னவளைப் புத்தூர் பக்கம் சொந்தத்துக்கு வெளியில் கொடுத்தார்கள். அந்தப் பையன் வீட்டில் மாமா ரத்தப் பரிசோதனைக் காகிதம் கேட்டு வாங்கினாராம். அவள் உண்டானபோது மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். அக்கா போனில் பயந்தாள். மாமா பின்னாலிருந்து சொல்வது எனக்குக் கேட்டது. "இப்ப அவன் கையப் புடிக்கக் கூடாதுடி. உள்ள ஒரு புள்ளைக்கே உடம்பு கட்டிக்கினு கீறான். மூளை, நரம்பு, எல்லாத்துக்கும் அவன் செய்றதுதான் வேணும். கட்டி முடிக்கட்டும், அப்பறம் புடிச்சிக்கலாம்." அந்த என்சைமைப் பற்றி இவ்வளவு பிரியமாக யாரும் பேசி நான் கேட்டதில்லை. போனை அவரிடம் கொடு என்று நான் கேட்கவில்லை.

ஐம்பத்திரண்டு வயதில், காலைப் பால் வரிசை முடியும் நேரத்தில், மாமா சென்டரிலேயே நாற்காலியில் உட்கார்ந்தபடி போனார். அவர் அப்பாவை விடப் பதினான்கு வருஷம் அதிகம். செய்தி கேட்டு அம்மா வந்தாள். வந்தாளே தவிர அழவில்லை. பிணத்தின் பக்கத்தில் போகவில்லை. கூடத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு பத்து நாளும் உட்கார்ந்திருந்தாள்.

பத்தாம் நாள் காரியம் முடிந்து வந்தவர்கள் போன பிறகு, கொல்லையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்காவிடம் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, அன்னிக்கி மாமா ஏன் எழுந்தாருன்னா…"

"தெரியும்டா" என்றாள், நிமிராமல்.

"எப்பலேர்ந்து?"

"மலையிலேர்ந்து எறங்கும்போதே பஸ்ல சொன்னாரு. எங்கிட்டயும் சின்னவகிட்டயும். அவரு விரல் உன் கால்மேல நின்னப்பவே அவ கண்டுக்கினா. 'பயந்துட்டான் பையன், அவன் மேல கோவப்படாதீங்க'ன்னாரு."

"அப்பறம் ஏங்க்கா யாரும் சொல்லல? அம்மா எம்மாம் பேசிச்சி…"

அக்கா கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். "சொன்னா உனக்கு எவன் பொண்ணு குடுப்பான்னாரு. உனக்குக் கல்யாணம் ஆன பெறவு நான் கேட்டேன், இப்பவாவது சொல்லலாமில்லன்னு. வேணாம், அவனே வந்து அம்மாகிட்ட சொல்லுவான்னாரு. பண்டிகைக்கிப் பண்டிகை நீ வருவியே, அப்பல்லாம் கேப்பாரு, தம்பி வந்தானே, இன்னா சொன்னான்னு. ஆறு வருஷம்டா. பாத்துக்கினே இருந்தாரு."

நான் எழுந்து கூடத்துக்குப் போனேன். அம்மாவின் எதிரில் உட்கார்ந்தேன்.

"அம்மா, மாமா கௌரவம் பாக்கல. எனக்கு அந்த நோவு கீது. நான்தான் இல்லன்னு பொய் சொன்னேன். காலைத் தொட்டதும் அவருக்குத் தெரிஞ்சிபோச்சி. என்னைக் காட்டிக் குடுக்காமப் பழிய அவரு வாங்கிக்கினாரு."

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. சுவரிலிருந்து முதுகை எடுத்து, இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, ஆறு வருஷமாகச் சொல்லாத தம்பியின் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள்.